சல்லூமின் மகள்களும் எங்கள் மேற்குச் சுவரும்

எனக்குப் பிறகு இந்தப் பள்ளிக்கூடத்துக்கு வரப்போகிற டீச்சர்கள் இருவருக்கும் எழுதுவது.

ஓய்வு பெறுகிறவர்கள் தங்கள் அனுபவத்தை எழுதிவைத்துவிட்டுப் போனால் பின்னால் வருகிறவர்களுக்கு உதவும் என்று நிர்வாகத்தில் சொன்னார்கள். எனக்கு வயது இருபத்தொன்பது. தலையில் ஒரு நரைகூட இல்லை, தேடிப் பார்த்துவிட்டேன். ஆனால் வருகிற தையில் எனக்குக் கல்யாணம். கல்யாணமான பெண்ணை எங்கள் நிர்வாகம் வேலையில் வைத்துக்கொள்வதில்லை. ஆகவே நான் ஓய்வு பெறுகிறேன். என்னோடு அதே வருஷம் பக்கத்து ஊர்ப் பள்ளிக்கூடத்தில் சேர்ந்த வாத்தியாருக்குக் கல்யாணமாகி மூன்று பிள்ளைகள். அவர் இப்போதுதான் அனுபவம் சேர்க்க ஆரம்பித்திருக்கிறார் என்கிறார்கள்.

சீமையில் சண்டை வந்ததிலிருந்து காகிதம் கிடைப்பதில்லை. பழைய பரீட்சைத் தாள்களின் பின்பக்கத்தில் எழுதுகிறேன். முன்பக்கத்தில் பெருக்கல் கணக்கு தப்பாக இருந்தால் அதற்கும் நானே பொறுப்பு.

ரெஜிஸ்தர் எழுதுவது, மணி அடிப்பது, ஆனா ஆவன்னா சொல்லித்தருவது இதெல்லாம் டிரெயினிங்கில் உங்களுக்குப் போதுமான அளவுக்குச் சொல்லியிருப்பார்கள். அங்கே சொல்லித்தராத ஒன்றைத்தான் எழுதப்போகிறேன். ஒரே ஒரு சொல்லை மாற்றிப் படித்து நான் மாட்டிக்கொண்ட கதை அது. நல்ல எண்ணத்தோடுதான் மாற்றினேன். நம் தொழிலில் பெரிய தப்புகளையெல்லாம் நல்ல எண்ணத்தோடுதான் செய்கிறோம்.

நான் வேலைக்கு வந்த மூன்றாம் வருஷம், ஐப்பசி மழையில் பள்ளிக்கூடத்தின் மேற்குச் சுவர் விழுந்தது. ஞாயிற்றுக்கிழமை விழுந்ததால் யாருக்கும் அடியில்லை. எங்கள் சபையின் ஊழியராகவும் பள்ளிக்கூடத்தின் மேலாளராகவும் இருந்த உபதேசியார், அதைக் கர்த்தருடைய இரக்கம் என்றார். சுவர் விழாமலே இருந்திருந்தால் இன்னும் கொஞ்சம் பெரிய இரக்கமாக இருந்திருக்கும் என்று எனக்குத் தோன்றியது. சொல்லவில்லை.

புதன்கிழமை தபால் வந்தது. புதுக்கோட்டையிலிருந்து புதிய இன்ஸ்பெக்டர் பன்னிரண்டு நாளில் எங்கள் பள்ளிக்கூடத்தைப் பார்வையிட வருகிறார். நான்கு சுவர் இல்லாத இடத்துக்கு அங்கீகாரம் கிடையாது. அங்கீகாரம் போனால் பள்ளிக்கூடம் மூடப்படும். அப்போது ரெஜிஸ்தரில் இருபத்து மூன்று பெண்பிள்ளைகள். அடுத்த பெண்கள் பள்ளிக்கூடம் திருமயத்தில், ஏழு மைல். பெண்ணை ஏழு மைல் நடக்கவிட்டுப் படிக்கவைக்கிற தகப்பன் இந்தப் பக்கத்தில் அப்போது இல்லை. இருபத்து மூன்று பேரும் ஆட்டுக்குப் பின்னாலும் தொட்டிலுக்குப் பக்கத்திலும் திரும்பிப் போவார்கள்.

நானும் அப்படிப் போக வேண்டியவள்தான். என் அப்பா நார்த்தாமலையில் கல் உடைக்கிறவர். ஆத்தா சித்தாள், கல்லையும் காரையையும் தலையில் சுமந்து கொத்தனார் கைக்கு எடுத்துக்கொடுக்கிற வேலை. எங்கள் வம்சத்தில் முதன்முதலாகக் கையெழுத்துப் போட்டவள் நான். அதனால் என் கையெழுத்தைக் கொஞ்சம் பெரிதாகவே போடுவேன். பழைய ரெஜிஸ்தர்களில் நீங்கள் பார்க்கலாம். கட்டத்தைத் தாண்டிப் போயிருக்கும்.

சுவர் எழுப்ப ஆள் தேடினேன். கொத்தனார் என்று பெயர் சொல்லத்தக்க எல்லோரும் செட்டிநாட்டில் பெரிய வீடுகள் கட்டப் போயிருந்தார்கள். ஊரில் மிச்சமிருந்தவர்கள் இரண்டு கொத்தனார்களும் கருப்பாயி என்கிற சித்தாளும். அவர்கள் மூவரும் அம்பலம் வீட்டு மாட்டுக்கொட்டகையைக் கட்டிக்கொண்டிருந்தார்கள்.

அம்பலம் என்றால் ஊர்த் தலைவர் என்பது உங்களுக்குத் தெரியும். எங்கள் ஊருக்கு இரண்டு அம்பலம். கோயிலில் முதல் மரியாதை யாருக்கு என்ற சண்டையில் ஊர் இரண்டாகி, வடக்குப் பாதிக்கு ஒருவரும் தெற்குப் பாதிக்கு அவருடைய பங்காளியும் தலைவர்களானார்கள். பள்ளிக்கூடம் இருப்பது வடக்குப் பாதியில். வடக்கு அம்பலத்தைக் கண்டால் எழுந்து நிற்பார்கள். அவர் தெருவைத் தாண்டியதும் "பாதி போகுது பாரு" என்பார்கள்.

போய்க் கேட்டேன். எட்டு நாளைக்கு ஆட்களை விட்டுக்கொடுங்கள் என்றேன்.

"மாடு நனையுது டீச்சரம்மா," என்றார்.

"புள்ளைங்களும் நனையுதுங்க."

"புள்ளைங்க வீட்டுக்குப் போகலாம். மாடு எங்க போகும்?"

இதற்கு டிரெயினிங்கில் பதில் சொல்லித்தரவில்லை. கையில் வேதாகமம் இருந்தது. அன்றைக்கு நடத்த வேண்டிய பாடத்தை அதில்தான் குறித்துவைத்திருந்தேன். அந்த வாரப் பாடம் யூத ஜனங்கள் பாபிலோன் சிறையிருப்பிலிருந்து திரும்பி வந்தது. திரும்பி வந்தவர்கள் எருசலேம் நகரத்தின் இடிந்த மதிலைக் கட்டினார்கள். யார் யார் எந்தப் பங்கைக் கட்டினார்கள் என்று ஓர் அதிகாரம் முழுக்கப் பெயராகவே வரும். உபதேசியார் என்னிடம், "பேரு பேரா வர்ற அதிகாரத்தைத் தாண்டிப் போயிருங்க டீச்சர், புள்ளைங்க தூங்கிப்போகும்" என்று சொல்லியிருந்தார். பதினெட்டு வருஷ அனுபவத்தில் அவர் தாண்டிப்போகாத பட்டியல் இல்லை. எனக்கோ பட்டியல்கள் பிடிக்கும். எங்கள் வீட்டார் பெயர் எந்தப் பட்டியலிலும் இருந்ததில்லை. அதனால் எல்லாப் பட்டியலையும் கடைசிவரை படித்துப் பார்த்துவிடுவேன்.

"அம்பலம் ஐயா, எங்க வேதத்துல ஒங்களை மாதிரியே ஒருத்தர் இருக்காருங்க," என்றேன்.

"என்னை மாதிரின்னா?"

"பாதி எருசலேமுக்குத் தலைவர். சல்லூம்னு பேரு."

அவர் வெற்றிலையை மடிப்பதை நிறுத்தினார். "பாதிக்கா?"

"பாதிக்குத்தாங்க."

"மத்தப் பாதி?"

"அதுக்கு வேற ஒருத்தர். அவரு அப்பன் பேரு ஊர்."

"எந்த ஊரு?"

"ஊருங்கிறதே பேருங்க."

"ஊருக்குப் பொறந்தவன்," என்றார் அம்பலம், மிகுந்த திருப்தியோடு. தன் பங்காளியைப் பற்றி வேதாகமத்திலேயே எழுதியிருப்பது போல அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும். பிறகு முகம் மாறியது. "யாரு பேரு முன்னால வருது?"

மற்றவர் பெயர்தான் முன்னால் வருகிறது. கொட்டகைக் கொத்தனார்கள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். "மதிலு போற வழியில எழுதிட்டே போறாங்க. அவரு பங்கு முதல்ல வருது. சல்லூம் பங்கு அதுக்கு அங்கிட்டு," என்றேன். இது உண்மை. இந்த உண்மையோடு நான் நிறுத்தியிருக்கலாம்.

"சரி, சல்லூம் என்ன பண்ணுனாருன்னு படிங்க, கேப்போம்."

படிக்க எடுத்தேன். அந்த இடத்தில் எழுதியிருப்பது, சல்லூமும் அவன் குமாரத்திகளும் கட்டினார்கள் என்று. அந்த அதிகாரத்தில் இத்தனை ஆண்களுக்கு நடுவில் பெண்கள் வருகிற ஒரே இடம் அதுதான். சல்லூமுக்கு மகன்கள் இருந்ததாக அங்கே எழுதவில்லை.

இந்த அம்பலத்துக்கும் நாலும் பெண். பங்காளிக்கு நாலும் ஆண். அது ஊரில் எல்லோரும் பேசுகிற, அவர் முன்னால் மட்டும் யாரும் பேசாத விஷயம். நாலாவது பெண்ணுக்கு அவர் வைத்த பெயர் போதும்பொண்ணு. நம் பக்கத்தில் அது வழக்கம்தான். பெண்ணாகவே பிறந்துகொண்டிருந்தால், இனிப் பெண் போதும் என்று தெய்வத்துக்குத் தெரிவிக்கிற முறை. தெய்வம் கேட்டுக்கொண்டது. அதற்குப் பிறகு அந்த வீட்டில் பிள்ளையே பிறக்கவில்லை.

குமாரத்திகள் என்று வாய்விட்டுப் படித்தால் மனிதர் குத்திக்காட்டுகிறேன் என்று நினைப்பார், ஆட்கள் கிடைக்கமாட்டார்கள், இருபத்து மூன்று பிள்ளைகளும் போச்சு. யோசிக்க நேரமில்லை. "சல்லூமும் அவர் வீட்டாரும் கட்டினார்கள்," என்று படித்தேன்.

வீட்டார். எவ்வளவு நல்ல சொல். யாரையும் குறிக்கும், யாரையும் உறுத்தாது. என் சமயோசிதத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

அம்பலம் கொத்தனார்களைத் திரும்பிப் பார்த்தார். "என்னப்பா பாத்துக்கிட்டு நிக்கிறீங்க? கரண்டியை எடுத்துக்கிட்டுப் பள்ளிக்கூடத்துக்கு நடங்க. மாடு நாலு நாளு நனைஞ்சா கரைஞ்சா போயிரும்?"

மறுநாளே வேலை ஆரம்பித்தது. செம்பாறைக் கல்லும் சுண்ணாம்பும் அவரே வண்டியில் அனுப்பினார். உபதேசியார் எனக்கு வாழ்த்துச் சொன்னார். பட்டியலைப் பற்றிய அவருடைய ஆலோசனையை நான் நினைவுபடுத்தவில்லை. வெற்றி பெற்றவர்கள் பெருந்தன்மையாக இருக்க வேண்டும் அல்லவா.

சுவர் இடுப்பளவு வந்தபோது, தெற்கு அம்பலம் அந்த வழியாகப் போனவர் நின்று, "சொந்த மாட்டை மழையில விட்டுட்டு எவன் சுவத்தையோ கட்டுறானே எந்தம்பி" என்று நாலு பேர் கேட்கச் சொல்லிவிட்டுப் போனார். ஒரு மணி நேரத்தில் வடக்கு அம்பலம் பள்ளிக்கூடத்துக்கு வந்துவிட்டார்.

"டீச்சரம்மா, அந்தப் புத்தகத்தைக் குடுங்க. அந்தப் பக்கத்துல ஒரு அடையாளம் வச்சுக் குடுங்க. அவன் மொகத்துக்கு நேரா விரிச்சுக் காட்டணும்."

"நானே வந்து படிச்சுக் காட்டுறேங்க," என்றேன்.

"ஒங்களுக்கு எதுக்குச் சிரமம்? எங்கடைசி மக எழுத்துக் கூட்டுவால்ல. அவ படிப்பா."

போதும்பொண்ணு எழுத்துக் கூட்டுவாள்தான். கூட்டச் சொல்லித்தந்தவள் நான். அம்பலம் வீட்டுப் பெண்கள் பள்ளிக்கூடத்துக்கு வந்து மற்றவர்களோடு உட்காரமாட்டார்கள். நான்தான் வாரத்தில் இரண்டு நாள் அவர்கள் வீட்டுக்குப் போய்ச் சொல்லித்தந்தேன். பதின்மூன்று வயது. நான் பார்த்த பிள்ளைகளில் ஓர் எழுத்தைக்கூட விடாமல் படிக்கிறவள் அவள் ஒருத்திதான். அதற்காக அவளை நான் அடிக்கடி பாராட்டியிருக்கிறேன். அன்றைக்கு மட்டும் வருத்தப்பட்டேன்.

புத்தகத்தைக் கொடுத்தேன். கொடுக்காமல் இருக்கக் காரணம் எதுவும் கிடைக்கவில்லை.

மறுநாள் காலை கொத்தனார்கள் வரவில்லை. ஆய்வுக்கு நாலு நாள் இருந்தது. கருப்பாயி மட்டும் வந்து, "அம்பலம் வேலைய நிறுத்தச் சொல்லிட்டாக டீச்சரு. கோவமா இருக்காக," என்று சொல்லிவிட்டுக் கல் குவியல் மேல் உட்கார்ந்தாள். சற்று நேரத்தில் அம்பலமே வந்தார். பின்னால் புத்தகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு போதும்பொண்ணு.

"படி," என்றார் அவளிடம்.

அவள் படித்தாள். குமாரத்திகள் என்ற இடத்தில் கொஞ்சம் நின்று, எழுத்தெழுத்தாக, தெளிவாகப் படித்தாள்.

"அப்படின்னா என்னன்னு கேட்டேன் இவகிட்ட. பொம்பளப் புள்ளைகன்னு சொல்றா. நீங்க வீட்டாருன்னு படிச்சீங்க."

"மன்னிக்கணுங்க. ஒங்க மனசு நோகுமேன்னுதான்..."

"எதுக்கு நோகணும்?"

நான் கல் குவியலைப் பார்த்தேன். பேசியிருந்தால் இன்னும் ஒரு நல்ல சொல்லைக் கண்டுபிடித்திருப்பேன்.

"எனக்கு ஆம்பளப் புள்ள இல்லைங்கிறத இந்த ஊரு இருவது வருசமா எம் முதுகுக்குப் பின்னால பேசுது," என்றார். குரலை உயர்த்தவில்லை. "பொட்டப்புள்ளைய வச்சுக்கிட்டு எதுக்கு வீடு கட்டுறான், எதுக்குக் கொட்டகை கட்டுறான்னு. எந்தத் தேசத்துலயோ ஒரு மனுசன், என்னை மாதிரிப் பாதிக்காரன், பொம்பளப் புள்ளைகள வச்சே மதிலு கட்டியிருக்கான். அத எழுதியும் வச்சிருக்காங்க. எனக்குன்னு எழுதுன மாதிரி ஒரு வரி இருந்துச்சு. நீங்க பாத்து அதத்தான் எடுத்துட்டீங்க."

இத்தனை வருஷத்தில் எத்தனையோ அதிகாரிகள் என்னைக் கண்டித்திருக்கிறார்கள். இதைப் போல எதுவும் உறைத்ததில்லை. அவர் எதைத் தாங்கமாட்டார் என்று நான் முடிவு செய்தேனோ, அதுதான் அவருக்கு வேண்டியிருந்தது. படித்தவள் என்பதால் படிக்காதவர் மனசையும் சேர்த்துப் படித்துவிட்டதாக நினைத்துக்கொண்டேன். நீங்களும் நினைப்பீர்கள். பாடத்தில் ஒரு சொல்லை எதிரில் இருப்பவர் தாங்கமாட்டார் என்று தோன்றினால், அந்தச் சொல்லைக் கொஞ்சம் மெதுவாகப் படியுங்கள். எடுத்துவிடாதீர்கள்.

"வேலை நடக்குமாங்க?" என்று கேட்டேன். வெட்கத்தை விட்டுத்தான் கேட்டேன். நாலு நாள்தான் இருந்தது.

"நடக்கும். ஆனா வேதத்துல இருக்கிற மாதிரி நடக்கும்," என்றார்.

அடுத்த நாள் வில்வண்டி வந்து நின்றது. அம்பலத்தின் மகள்கள் நாலு பேரும் இறங்கினார்கள். மூத்தவர்கள் சிவகாமி, மீனாள், அழகம்மாள் மூவரும் பக்கத்து ஊர்களில் வாழ்க்கைப்பட்டவர்கள். வண்டி அனுப்பி அழைத்திருக்கிறார். பட்டுச்சேலை. கல்யாணத்துக்கு வந்த மாதிரிதான் நின்றார்கள். ஊரில் பாதி அங்கே கூடிவிட்டது. வழக்கத்துக்கு மாறாக, மற்றப் பாதியும் கூடிவிட்டது.

கருப்பாயி மூத்தவளின் தலையில் துணியைச் சும்மாடாகச் சுற்றி வைத்தாள். "கழுத்த ஆட்டாத தாயீ. கல்லு ஒனக்குப் பயப்படாது, நீதான் அதுக்குப் பயப்படணும்."

சிவகாமி ஐந்து கல் சுமந்தாள். மீனாள் மூன்று. அழகம்மாள் ஒன்று, அதையும் சும்மாடு நழுவி என் காலுக்குப் பக்கத்தில் போட்டாள். பிறகு மூவரும் வேப்பமர நிழலில் உட்கார்ந்து மோர் குடித்தார்கள். போதும்பொண்ணு மட்டும் சேலை முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு கருப்பாயிக்குப் பின்னாலேயே நடந்துகொண்டிருந்தாள். அன்றைக்கும், அடுத்த நாளும், பூச்சு வேலை முடிகிறவரைக்கும்.

எனக்குப் பெருமை தாங்கவில்லை. கருப்பாயியிடம் சல்லூம் கதையை விளக்கமாகச் சொன்னேன். அந்தக் காலத்திலேயே, தலைவர் வீட்டுப் பெண்கள், மதில் கட்டினார்கள் என்றேன்.

கருப்பாயி காரைச் சட்டியை இறக்காமலே கேட்டாள். "பொம்பள கல்லு சொமந்தாள்னு எழுதி வச்சிருக்காகளா? இதுல என்ன அதிசயம் டீச்சரு? எங்காத்தா காலத்துல இருந்து நாங்க சொமக்குறோம்."

"அவங்க தலைவரோட மகள்கள் கருப்பாயி."

"அதான் எழுதியிருக்காக. அங்கிட்டும் ஒரு கருப்பாயி நின்னுருப்பா, சும்மாடு சுத்திவிட." சட்டியைக் கொத்தனாரிடம் கொடுத்தாள். "அந்தப் புள்ளைக பேரு என்ன?"

"பேரு எழுதலை. மகள்கள்னு மட்டும் இருக்கு."

"அவுகளுக்கே இல்லையா?" என்று சிரித்தாள். "அப்ப எனக்கு எங்க இருக்கப் போகுது?"

என் ஆத்தா அதே வேலையைத்தான் செய்தாள். இந்தக் கேள்வி எனக்கு ஏன் தோன்றவில்லை என்று அன்று முழுக்க யோசித்தேன். பதில் தெரிந்தது, எழுத விரும்பவில்லை.

மூன்றாம் நாள் மதியம் வெளிப்பூச்சு முடிந்தது. நான் பிள்ளைகளைச் சாப்பிட அனுப்பிவிட்டு வந்து பார்த்தபோது, போதும்பொண்ணு ஓர் ஆணியை வைத்துக்கொண்டு ஈரக் காரையில் எழுதிக்கொண்டிருந்தாள். பாதையைப் பார்த்த பக்கம். ஒன்றன்கீழ் ஒன்றாக: சிவகாமி, மீனாள், அழகம்மாள், கருப்பாயி. எல்லாவற்றுக்கும் கீழே, கொஞ்சம் பெரிய எழுத்தில், போதும்பொண்ணு. பெரிதாக எழுதுகிற வியாதி என்னிடமிருந்து ஒட்டிக்கொண்டது.

கருப்பாயி தன் பெயர் எது என்று கேட்டுத் தெரிந்துகொண்டு அதைத் தொடப் போனாள். "ஈரம், ஈரம்," என்று அவளே கையை இழுத்துக்கொண்டாள்.

அம்பலம் வந்து பார்த்தார். "எம் பேரு எங்கடி?"

"ஒங்களுக்கு எதுக்குப்பா? சல்லூம் பேருதான் புத்தகத்துலயே இருக்கே. புள்ளைக பேருதான் விட்டுப்போச்சு. அதத்தான் எழுதுனேன்."

அவர் கழுத்தைச் சாய்த்துப் பார்த்தார். "எழுத்து கோணலா இருக்கு," என்று சொல்லிவிட்டுப் போனார்.

உபதேசியார் சுண்ணாம்பு அடித்துவிடலாமே என்றார். நேரமில்லை என்றேன். நேரம் இருந்தது.

இன்ஸ்பெக்டர் சொன்ன நாளில் வந்தார். பட்டணத்திலிருந்து சமஸ்தானத்துக்குப் புதிதாக வந்தவர். நல்ல மனிதர், பெண் கல்வியில் உண்மையான அக்கறை உள்ளவர் என்று எல்லோரும் சொன்னார்கள். அக்கறை உள்ள அதிகாரிகளிடம் எச்சரிக்கையாக இருங்கள். அக்கறை இல்லாதவர் பார்க்காமல் போகிற இடத்தை இவர்கள் நின்று பார்ப்பார்கள். பாடம் கேட்டார், கணக்குக் கேட்டார், பிள்ளைகள் நன்றாகச் சொன்னார்கள். வெளியே வந்து மேற்குச் சுவரைச் சுற்றினார். இரண்டு அம்பலங்களும் ஆளுக்கொரு பக்கம் ஆட்களோடு நின்றிருந்தார்கள்.

சுவரின் முன்னால் நின்றவர் வாசித்தார். முகம் சிவந்தது.

"இது என்னம்மா? நாலு பெண் பெயரை எழுதி, கீழே போதும் பொண்ணு என்று எழுதியிருக்கிறார்கள். பெண்கள் பள்ளிக்கூடத்துச் சுவரில், இதற்கு மேல் பெண் பிள்ளைகள் படிக்க வேண்டாம் என்று எவனோ எழுதிவைத்திருக்கிறான். நீங்களும் இதைப் பார்த்துக்கொண்டு இருக்கிறீர்கள். உடனே அழியுங்கள். அழித்த பிறகுதான் கையெழுத்து."

தெற்கு அம்பலத்தின் பக்கத்திலிருந்து யாரோ சிரித்தார்கள்.

காரை காய்ந்திருந்தாலும் கொத்தனார் கரண்டியால் நாலு சுரண்டு சுரண்டினால் போய்விடும். நாலு சுரண்டு, அங்கீகாரம், இருபத்து மூன்று பிள்ளைகள். உபதேசியார் என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார், தாண்டிப் போங்கள் என்று. முதல் தடவை சொல்லை யாரும் எடுக்கச் சொல்லவில்லை, நானே எடுத்தேன். இந்தத் தடவை மேலதிகாரியே எடுக்கச் சொல்கிறார். எவ்வளவு சுலபம்.

"ஐயா, அது வாசகம் இல்லைங்க. பேரு," என்றேன்.

"பெயரா? யாருக்கு?"

"எனக்குங்க," என்றாள் போதும்பொண்ணு. கையில் இன்னும் சுண்ணாம்பு வெடிப்பு.

இன்ஸ்பெக்டர் அவளையும் சுவரையும் மாறி மாறிப் பார்த்தார். "பெற்ற தகப்பன் இப்படியா பெயர் வைப்பான்?"

கூட்டம் முழுக்க வடக்கு அம்பலத்தைப் பார்த்தது. அவர் துண்டைத் தோளிலிருந்து எடுத்தார். "வச்சிட்டேங்க. நாந்தான் வச்சது," என்றார்.

இன்ஸ்பெக்டர் ரெஜிஸ்தரைக் கேட்டார். அதிகாரிகளுக்கு அது ஒரு வசதி. விரல் வைத்து மேலிருந்து கீழே பார்த்தார். "இப்படி ஒரு பெயர் இதில் இல்லையே. பள்ளிக்கூடத்தில் படிக்காத பிள்ளையின் பெயர் பள்ளிக்கூடத்துச் சுவரில் எப்படி இருக்கலாம்? பார்க்கிறவர்கள் என்னைப் போலத்தான் வாசிப்பார்கள். மாணவி என்றால் விடலாம். இல்லையென்றால் அழிக்க வேண்டியதுதான். விதி அப்படி."

மற்றப் பெயர்களைப் பற்றி அவர் கேட்கவே இல்லை. பெயர் மாதிரி இருக்கிற பெயர்கள் யார் கண்ணிலும் படுவதில்லை. கருப்பாயி பிழைத்தாள்.

அம்பலத்தை நான் பார்க்கவில்லை, தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் வீட்டுப் பெண் மற்ற பிள்ளைகளோடு ஒரே பாயில் உட்காருவதா என்று மூன்று வருஷமாக நான் பேசிப் பார்த்து, வேதம் சொல்லிப் பார்த்து, நடக்காத காரியம். தெற்கு அம்பலம் தொண்டையைச் செருமினார். செருமியதோடு சரி.

"சேத்துக்கங்க டீச்சரம்மா," என்றார் வடக்கு அம்பலம். "இவளும் இங்கயே படிக்கட்டும். சுவத்துல யாரும் கை வைக்கக் கூடாது."

என் மூன்று வருஷப் பேச்சு செய்யாததை ஒரு பங்காளியின் செருமல் செய்தது. இதிலிருந்து என்ன பாடம் கற்றுக்கொள்வது என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை. உங்களுக்குத் தெரிந்தால் எழுதுங்கள்.

ரெஜிஸ்தரை மேசையில் விரித்தேன். நம் தொழிலில் ஒரு பழக்கம் உண்டு, நீங்களும் செய்வீர்கள். வீட்டில் வைத்த பெயர் நன்றாக இல்லையென்றால், சேர்க்கிற அன்றைக்கே நாமாக ஒரு நல்ல பெயரை எழுதிவிடுவோம். எத்தனையோ பிச்சைகளும் குப்பைகளும் அப்படித்தான் ராஜாக்களாகவும் லட்சுமிகளாகவும் ஆனார்கள். யாரும் குறை சொன்னதில்லை. பேனாவை மையில் தோய்த்தபோது எனக்கும் கை ஊறியது. தகப்பன் துண்டை இறக்கி நின்றதைப் பார்த்தவள் நான். அதிகாரியும் பக்கத்தில் நிற்கிறார்.

"நல்ல பேரா ஒண்ணு போட்டுருவோமா?" என்று அவள் காதில் கேட்டேன். இந்தத் தடவை கேட்கவாவது கேட்டேன்.

போதும்பொண்ணு என்னைப் பார்த்தாள். எழுத்தை விட்டுப் படிக்கிறவர்களைப் பார்க்கிற பார்வை.

"சுவத்துல எழுதியாச்சுல்ல டீச்சர். பேர மாத்துனா இனிமே சுவத்தையில்ல இடிக்கணும்."

எழுதினேன். இன்ஸ்பெக்டர் இருபத்து மூன்று என்றிருந்ததை அடித்து இருபத்து நான்கு என்று திருத்தி, பக்கத்தில் சின்னதாகக் கையெழுத்துப் போட்டார். பிறகு பார்வைப் புத்தகத்தை எடுத்து, மேற்குச் சுவர் உறுதியாக இருக்கிறது என்று ஒரு வரி எழுதி, மை காய்வதற்காக அதைத் திறந்தே வைத்துவிட்டுப் போனார்.